இந்த வீட்டில் ஏசி இல்லை

"ரெண்டையும் கழட்டிடுப்பா. சுவத்துல ஒரு ஆணிகூட மிஞ்சக் கூடாது."

அப்போது கூடத்தில் நான்கு பேர் இருந்தார்கள். இதைச் சொன்னவர் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். மற்றவர்கள், 'பூமி காப்போம்' இயக்கத்தின் தலைவியான அவருடைய ஒரே மகள், இயக்கத்தின் செயலாளர், ஏணியில் நின்ற ஏசி மெக்கானிக்.

"அப்பா, டிவிக்காரங்க நாலு மணிக்கு வர்றாங்க. கூடத்தை மட்டும்தான் படம் எடுப்பாங்க. ஏசி மேல எங்க பேனரைத் தொங்கவிட்டாப் போதும்," என்றாள் மகள்.

"நேத்து மேடையில என்னம்மா சொன்னே?"

"அது ஏதோ ஒரு வேகத்துல..."

"'எங்க வீட்டுல ஏசியே கிடையாது'ன்னு சொன்னே. மைக்குல சொன்னே. இன்னிக்குப் பேப்பர்ல 'இன்னாருடைய மகள்'னு என் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கான்."

செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, மேடையில பேசுறதையெல்லாம் இப்படி மனசுல வச்சுக்கக் கூடாது. கொள்கை வேற, வெயில் வேற."

"உங்க வீட்டுலயும் இல்லைன்னுதானே நீங்க சொன்னீங்க?"

"அது இயக்கத்தோட நிலைப்பாடுங்க. வீட்டோட நிலைப்பாட்டை என் சம்சாரம்தான் எடுக்கணும்."

மெக்கானிக் ஏணியில் இருந்தபடியே சிரித்தான். "சார் வீட்டுல மூணு இருக்குங்க. வெளிப்பெட்டி தெரியக் கூடாதுன்னு நான்தான் அது மேல பிளாஸ்டிக் கொடியைப் படரவிட்டேன். வெயில்ல வெளுத்துப் போச்சு சார், மாத்தணும்."

செயலாளர் மின்விசிறியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மகள் அப்பாவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "எழுபத்திரெண்டு வயசாகுதுப்பா உங்களுக்கு. சூட்டுல இருக்கக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். ஒரு வாரம் போகட்டும், சத்தமில்லாம திரும்ப மாட்டிடலாம்."

"நம்ம வீட்டுல சொன்ன வார்த்தையை யாரும் திருப்பி வாங்கினதில்லை. 'அந்த வாசல்படியை மிதிக்க மாட்டேன்'னு உங்க தாத்தா ஒரு தடவை சொல்லிட்டார். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தைத் தெருவுல நின்னுதான் பார்த்தார்."



மெக்கானிக் இரண்டையும் இறக்கித் தரையில் வைத்தான். "எங்க வைக்கட்டுங்க?"

"எடுத்துட்டுப் போ. இந்த வீட்டுப் பக்கம் திரும்ப வரக் கூடாது."

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "சும்மாதான் போகுதுன்னா... என் பையன் ரூம் மேற்குப் பார்த்த ரூம் ஐயா."

"அப்ப கொடி இன்னும் நாலு முழம் கூடுதலா வாங்கணும் சார்," என்றான் மெக்கானிக்.

நாலு மணிக்கு டிவிக்காரர்கள் வந்தார்கள். வெறும் சுவரைக் காட்டி மகள் உருக்கமாகப் பேசினாள். ஆறு மணிக்குத் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, கோடை முடியும்வரை இருந்துவிட்டு வருவதாகச் சொல்லித் தோழி வீட்டுக்குப் போனாள். அங்கே அறைக்கு ஒரு ஏசி ஓடுகிறது.

பெரியவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கோடை முழுவதையும் ஜன்னலோரத்தில் கழித்தார். இரண்டு முறை மயங்கியும் விழுந்தார். ஏசியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

அந்த இயக்கத்திலேயே அசல் தொண்டர் அவர் ஒருவர்தான் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. பூமி சூடாகிறது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்பதுதான் பெரியவரின் தீர்மானமான அபிப்பிராயம். தம் மகளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி ஆகிவிடக் கூடாதே என்றுதான் ஏசியைக் கழற்றினார்.