இவள் எழுத்துதான்

எளியவலை என்ற இணையதளத்தில் படங்கள் இல்லை, விருப்பக்குறிகள் இல்லை, எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உதவியாளனும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அவரவர்தான் எழுத வேண்டும். செண்பகம் அங்கே தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, மாலை முழுக்க உட்கார்ந்து மூன்றே வரிகள் எழுதினாள்.

“இன்று ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது. சொல்ல ஆளில்லாததால் இங்கே சொல்கிறேன்.”

புதிய பக்கத்தைப் படித்து, ‘இது இவள் எழுத்துதான்’ என்று தெரிந்தவர் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். அவள் தென்காசியில் தனியாக இருக்கும் அப்பாவின் பெயரைக் கொடுத்தாள்.

மறுநாள் அப்பா கூப்பிட்டார். “ஏம்மா, எவளோ ஒம் பேருல எழுதுதா. நீ இல்லன்னு சொல்லிட்டேன்.”

“எப்படிப்பா தெரியும்?”

“எம் பிள்ளை எழுத்து எனக்குத் தெரியாதா? தெனமும் காலைல நீ அனுப்புததப் படிச்ச பொறவுதான் நான் காப்பியே குடிக்கேன். அதுல எவ்வளவு பிரியம் இருக்கு! இவ என்னன்னா உப்பு கூடிட்டுன்னு மூக்கால அழுதிருக்கா.”

காலைக் கடிதங்களை எழுதுவது உதவியாளன். தொடக்கத்தில் அனுப்பும் முன் அவள் ஒருமுறை படித்துப் பார்ப்பாள். பிறகு அதையும், அப்பாவின் பதில்களைப் படிப்பதையும் விட்டுவிட்டாள்.



“நல்லவேளைப்பா, கண்டுபிடிச்சீங்க,” என்றாள்.

எளியவலைக்காரர்கள் அவள் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். அடுத்த நாள் காலை, அப்பாவுக்குப் போன கடிதத்தை வெகுநாள் கழித்துத் திறந்து பார்த்தாள்.

“அப்பா, முழங்கால் வலி இன்று பரவாயில்லையா?” என்று தொடங்கியிருந்தது.

அப்பாவுக்கு முழங்கால் வலி என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.