புகார் சொன்ன வீடு

“இனிமே அந்த நர்ஸ் எங்க ஊட்டுக்கு வரக்கூடாதுங்க.”

போனில் ரமேஷ்குமாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. கோபிநாத் வேண்டுமென்றேதான் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். எதிரே ஆனந்தி நின்றிருந்தாள்.

“என்ன ஆச்சு, சொல்லுங்க.”

“என்ற சம்சாரம் படுத்த படுக்கையாக் கெடக்கறா. ‘சாப்ட்டீங்களா சிஸ்டர்’னு அவ ஒரு வார்த்தை கேட்டதுக்கு, ‘பேசாமப் படுங்க’ன்னு எரிஞ்சு விழுந்தாங்க. வேலைய விட்டு எடுக்க வேண்டாமுங்க. கொஞ்ச நாளு ஊட்டுல உக்கார வையுங்க, அப்பத்தான் புத்தி வரும். இல்லீன்னா நான் மேல போய்ச் சொல்லுவேன்.”

போனை வைத்துவிட்டான்.

“அப்படிச் சொன்னீங்களா?”

“சொன்னேன் சார்.”

கோபிநாத் பெருமூச்சு விட்டார். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் டிரஸ்ட் அது. அவர் அதன் மேனேஜர். டிரஸ்டின் பேர் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

“ஒரு மாசம் வர வேண்டாம். கவுன்சிலிங் போங்க. கவுன்சிலர் சரின்னு சொன்ன பிறகு பார்க்கலாம்.”

ஆனந்திக்கு உடம்பு கூசியது. அதைவிட ரமேஷ்குமார்மேல் ஆத்திரம் பொங்கியது. அவன் மனைவி யோகப்பிரியாவுக்கு எத்தனை நாள் புண் கழுவிக் கட்டியிருப்பாள், எத்தனை நாள் தலை வாரிப் பின்னிவிட்டிருப்பாள்! ஒரே ஒரு வார்த்தைக்கு இப்படியா?

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் அவளுடைய வாடகை அறை. கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மலையில் சொந்த ஊரான சித்திரபுரத்திலிருந்து அம்மா கூப்பிட்டபோது, “டூட்டிக்குக் கெளம்பிட்டேம்மா” என்றாள். வேறு யாரும் கூப்பிடவில்லை. இவளுக்கும் கூப்பிட ஆள் இல்லை. பொள்ளாச்சி பஸ்களின் ஹாரன் சத்தம்தான் துணை.

கவுன்சிலர் சிஞ்சு மலையாளப் பெண். தமிழும் பேசினாள்.

“நான் நல்லாத்தான் இருக்கேன் மேடம். சரின்னு சொல்லிருங்க, போயிர்றேன்.”

“போகலாம். வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வீங்க?”

“ஸ்கூட்டர்லயே உக்காந்திருப்பேன்.”

“எதுக்கு?”

“எறங்கத் தோணாது. உள்ள போனா மட்டும் யாரு இருக்கா?”

சிஞ்சு அதற்குமேல் துருவவில்லை. அடுத்த முறையும் ஆனந்தி பாதி நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த முறை, கேட்காமலே வார்த்தை வந்தது.

“நான் பாக்குற ஆளு செத்துட்டாங்கன்னு போன் வரும். முந்தியெல்லாம் அழுவேன் மேடம். இப்ப, அப்பாடா, இன்னைக்கு ஒரு வீடு கொறஞ்சதுன்னு தோணுது. நான் மனுஷிதானா?”

“மனுஷியா இருக்கப் போய்த்தான் இப்படி ஆச்சு. நல்லா க்ஷீணிச்சு, களைச்சுப் போயிருக்கீங்க ஆனந்தி. பர்ன் அவுட்னு சொல்வாங்க. சரியாகும். லீவு கேட்டிருக்கலாமே?”

“கேட்டேனே. ஆள் இல்லைன்னுட்டாங்க. ஒவ்வொரு தடவையும்.”

“அம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமா?”

ஆனந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“முதல்ல அங்க போங்க.”

ஆனந்தி சித்திரபுரம் போனாள். அம்மா சந்தனம், தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டா நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு சொல்லிக்கிட்டிருந்த?” என்றாள். போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

ஆனந்தி தூங்கினாள். எழுந்து சாப்பிட்டாள். மறுபடியும் தூங்கினாள். வாரம் தவறாமல் சிஞ்சுவிடம் போனில் பேசினாள். ஒருநாள் கடைக்குப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, காரணமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதம் முடிந்தது. வீடுகளைக் குறைக்க வேண்டும், வாரம் ஒருநாள் கட்டாய விடுப்பு, கவுன்சிலிங் தொடரும் என்று சிஞ்சு கோபிநாத்திடம் பேசியிருந்தாள். அவர் ஒப்புக்கொண்டார்.

“நாளையிலிருந்து வாங்க. பெருமாட்டி ஊர்ல அந்த ரமேஷ்குமார் வீட்டுக்கு மட்டும் போக வேண்டியதில்ல.”

“போகணும் சார். யோகப்பிரியாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

கோபிநாத் குரலைத் தாழ்த்தினார். “அவங்க போன வாரம் தவறிட்டாங்க.”

ஆனந்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே பெருமாட்டிக்குப் போனாள். தோப்பு வீடு. ரமேஷ்குமார் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்றுதான் நினைத்தாள்.

“வாங்க சிஸ்டர்.”

“அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே. அவங்ககிட்டயே சொல்லணும்னு நெனச்சேன். முடியாமப் போச்சு.”

அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“இப்பத் தூக்கம் வருதுங்களா சிஸ்டர்?”

இவன் எதற்கு இதைக் கேட்கிறான்? “வருதுண்ணே. புதுசா வந்த நர்ஸ் அவங்கள நல்லாப் பாத்துக்கிட்டாங்களா?”

“பாத்தாங்க. ஆனா கடைசி வரைக்கும் அவ உங்களையேதானுங்க கேட்டுட்டு இருந்தா.”

“அப்பறம் ஏண்ணே என்னைய வரவிடாமப் பண்ணீங்க?”

ரமேஷ்குமார் நிமிர்ந்து பார்த்தான். கண்கள் கலங்கியிருந்தன.

“எங்க ஊட்டு வாசல்ல நின்னு நீங்க லீவு கேட்டுப் போன்ல கெஞ்சுனதை, அவ கட்டில்ல படுத்துட்டே கேட்டுட்டாளுங்க. ‘பாவம் அந்தப் புள்ள, கேட்டா விடமாட்டாங்க, ஒரு புகாரச் சொல்லிப்போடுங்க, ஒடனே ஊட்டுக்கு அனுப்பிருவாங்க’ன்னு அவதானுங்க சொன்னா.”