பக்கத்துத் தோட்டத்துப் புழு

இடுப்பளவு வளர்ந்திருந்த புல்லை விலக்கிக்கொண்டு ரஸ்ஸல் பக்கத்துத் தோட்டத்து டோரீன் வீட்டுப் படியேறினான். கையிலிருந்த காகிதப் பையில் புழு துளைத்த திராட்சைக் கொத்து.

காலையில்தான் ஜூஸ் ஆலைக்காரர்கள் அவன் லோடைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மிச்சப் பழமும் திரும்பி வந்தால் தோட்டத்தை பேங்க் எடுத்துக்கொள்ளும். கோபப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

ஈரி ஏரிக்கரை முழுக்க ஒரே பேச்சுதான். ஆல்வின் போன குளிர்காலத்தில் செத்த பிறகு அவர் பெண்டாட்டி டோரீன் தோட்டத்தை அம்போவென்று விட்டுவிட்டாள், அங்கே பெருகும் அந்துப்பூச்சிதான் வேலி தாண்டி வந்து பழத்தில் முட்டையிடுகிறது என்றார்கள். ரஸ்ஸலும் அதைத்தான் நம்பினான். நம்பாமல் என்ன செய்வது? இத்தனை வருஷம் இல்லாத புழு இப்போது எங்கிருந்து வந்ததாம்?

ஆல்வின் இருந்தவரை அவரைக் கிண்டல் செய்வதே இவன் வேலை. மருந்து விற்கிற விலையில் இவன் கோடைக்கு ஒரு தடவை அடிப்பதோடு சரி. அந்த மனுஷனோ மருந்து டிராக்டரும் கையுமாகவே திரிவார். காற்றடங்கிய விடியற்காலையில், இவன் ஃபாக்டரி ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் அதை ஸ்டார்ட் செய்வார்.

"காசைக் காத்துல விடறீங்க ஆல்வின். என் தோட்டத்தைப் பாருங்க, ஒரு புழு உண்டா?" என்று காரிலிருந்தே கேட்பான். அவர் சிரித்துக்கொள்வார்.

டோரீன் கதவைத் திறந்தாள். கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். பின்னால் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ரஸ்ஸல் பையை நீட்டினான். அடுத்த வருஷமாவது மருந்தடிக்கச் சொன்னான். முடியாவிட்டால் கொடிகளைப் பிடுங்கிவிடலாம், ஆள் கூலியைத் தானே தந்துவிடுவதாகவும் சொன்னான். மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போலத்தான் பேச்சு வந்தது.

அவள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"புல்லுதான் வெட்டல ரஸ்ஸல். மருந்து நிக்கல, என் தம்பி வந்து அடிச்சுட்டுப் போறான். நேத்து என் லோடை ஒரு வார்த்தை சொல்லாம வாங்கிக்கிட்டாங்க."

அவளுடைய பழத்தில் புழு இல்லையென்றால் இத்தனையும் எங்கிருந்து?

"உங்க தோட்டத்துல இல்லாத பூச்சி என் தோட்டத்துல மட்டும் எப்படி டோரீன்?"

"பூச்சி எப்பவும் உன் தோட்டத்தை ஒட்டி இருக்கற காட்டோரத்துலேருந்துதான் கிளம்பும்," என்றாள். பையை அவன் பக்கமே தள்ளினாள்.

"என் தம்பி எங்களுதுக்கு மட்டும்தான் அடிக்கிறான். ஆல்வின் உன்னுதுக்கும் சேத்துல்ல அடிச்சுக்கிட்டிருந்தாரு."