கிளிகோர் வெட்டிய செடி

"யோவ் கிளிகோரு, அந்த அருவாளக் கீழ போடு."

ஞாயித்துக்கெழம பூசை நேரம். பாதிரியார் பிரசங்கத்துக்குப் பயந்து பாதியில நழுவிவந்த ஒத்திலியா கண்ணுல, ஓடைப் பாதையில கிளிகோர் கையும் அருவாளுமா மாட்டினான். காலடியில வெள்ளப் பூவாக் கெடக்கு.

"வேத்தாக்கா சொக்காத்தா சர்பத்து போட சொக் பூவ இங்கதானய்யா பறிக்கும்? அதக் குடிச்சுத்தான் தெருவே கோடையத் தாண்டுது. அக்காகூட வேலித் தகராறுல மூஞ்சியத் திருப்பிக்கிட்ட, சரி. அதுக்குப் பூவையுமா வெட்டுவ?"

அவன் கை நிக்கல. "எலையப் பாரு."

"எனக்கே எலைப் பாடமா? சொக் புதருக்கடியில தவழ்ந்தவய்யா நானு."

ஒரு கொத்த அவ கையில திணிச்சான்.

ஒத்திலியா பாத்தா. சொக்குக்கு ஒரு காம்புல அஞ்சு எலை, மிஞ்சினா ஏழு. இதுல ஒம்பது, அதுவும் ஒல்லி ஒல்லியா. தண்டும் கட்டை இல்ல, கீரைத்தண்டு மாதிரி. பூவுக்குள்ள ஊதாப் பொட்டு. எலையக் கசக்கி மோந்தா, மூக்கு சுருங்கிப் போச்சு.

"அய்ய, பொஸ்ஸு. விஷமாச்சே."

"போன வருஷம் நீ ஏன் வயித்தப் புடிச்சுக்கிட்டு கொல்லையிலயே குடியிருந்த?"

"நான் பாவம் செர்ரிப் பழத்தயில்ல திட்டினேன்."

"அக்காவுக்குக் கண்ணு மங்கிருச்சு. கைக்கு எட்டினதப் பறிக்குது. அதான் பொஸ்ஸ வெட்டிட்டு, சொக்க மட்டும் விட்டு வைக்கிறேன்."

"அத அதுகிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அன்னிக்கே ஜாடியக் கவுத்து வச்சிட்டு மூலையில உக்காந்துரும். நீயும் வாய மூடிக்க."

"எனக்கா? கஷ்டமான வேலையாச்சே."

பாதையில தடி தட்டுற சத்தம். கிளிகோர் வெட்டினத வாரிக்கிட்டு பள்ளத்துல பதுங்கிட்டான்.

வேத்தாக்கா வந்தா. தடவித் தடவிப் பறிச்சா. பை நெறைய சொக்.

"உனக்கு இன்னும் கழுகுக் கண்ணுக்கா," ஒத்திலியா கஷ்டப்பட்டுச் சொன்னா.

"பின்ன?" பைய முடிஞ்சவ, கிட்ட வந்து கொரலத் தாழ்த்தினா. "ஏண்டி, ஒரு சீசா வேலி மேல வைப்பேன். பள்ளத்துல குந்தியிருக்கவன எடுத்துக்கச் சொல்லு."

ஒத்திலியா பள்ளத்தத் திரும்பிப் பாத்தா.

"போன வருஷம் நானுந்தாண்டி கொல்லையில குடியிருந்தேன். இந்த வருஷம் பூப்பறிக்கவே பயந்து கெடந்தேன். அருவா சத்தம் விட்டு விட்டுக் கேட்டுச்சு பாரு, பொஸ்ஸ மட்டும் பொறுக்கி வெட்டுறான்னு தெரிஞ்சப்புறந்தான் பையையே எடுத்தேன்."