உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது

"மறுபடியும் திருப்பி அனுப்பிட்டானா?"

தாஜ் பீவி கேட்ட வேகத்தில் லியோவின் மேசையிலிருந்த டீ கிளாஸே ஆடியது.

"ஆமாங்க அக்கா" என்றான் லியோ, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இந்தத் தடவை என்ன நொட்டையாம்?"

"டாக்குமெண்ட் ஏற்கெனவே வந்துடுச்சாம்."

"வந்துடுச்சுன்னா லாரிய உள்ள வுட வேண்டியதுதானே?"

"வந்தது நேத்து போன தப்பான டாக்குமெண்ட்டுங்க அக்கா. ரோலருக்கு நேரா, அளவு போடற கட்டத்துல, நம்பர்னு இருக்க வேண்டியது செட்டுனு போயிடுச்சு. அது அங்க குந்திகினு இருக்கு. அதை அவங்க தூக்கினாத்தான் நாம திருத்தி அனுப்பினது உள்ள போவும்."

தாஜ் பீவி தலையில் அடித்துக்கொண்டாள்.

நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே அவளுடைய பட்டறை. சுரங்கத்தில் நிலக்கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு ரோலர் செய்து கொடுக்கிற தொழில். இத்தனை நாளும் சில்லறை ஆர்டர்கள்தான். இப்போதுதான் முதல்முறையாக ஒரு பெரிய கான்ட்ராக்ட் கம்பெனி லாரி நிறையக் கேட்டிருந்தது. கேட்டதோடு விட்டதா? காகிதமே கூடாது என்று ஒரு விதியும் போட்டது. சரக்கு விவரத்தைப் பட்டறைக் கம்ப்யூட்டர் கம்பெனிக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டுமாம். அது கட்டம் கட்டமாகச் சரிபார்த்து, எல்லாம் ஒத்துப்போனால்தான் லாரிக்குக் கேட் திறக்குமாம்.

லாரி காலையிலிருந்து கம்பெனிக் கேட்டில் நிற்கிறது. நாளைக் காலைக்குள் சரக்கு உள்ளே போகாவிட்டால் ஆர்டர் ரத்து. ஆர்டர் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"தூக்கச் சொல்லிக் கேட்டியா?"

"சிஸ்டத்துலயே கேட்டேங்க அக்கா." லியோ திரையை அவள் பக்கம் திருப்பினான்.

'உங்கள் கோரிக்கை வரிசையில் உள்ளது.'

"இது என்ன ரேஷன் கடையாடா? போன் போடு அந்தக் கம்பெனி ஆபீசருக்கு."

"போட்டேன். எடுக்க மாட்டாங்க."

"ஒரு பட்டனைத் தட்ட எவ்ளோ நேரமாவும்?"

"ஒரு நிமிஷம் போதும். ஆனா நமக்கு முன்னாடி நெறைய கம்பெனி நிக்குது. யாருக்காகவும் முன்ன பின்ன மாத்த மாட்டாங்க. ரொம்ப கண்டிப்பு."

"அவனுக்கு நீ வக்காலத்து வாங்காத! நீ என்கிட்ட சம்பளம் வாங்கறியா, அவன்கிட்ட வாங்கறியா?"

லியோ திரையை மறுபடியும் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வேலையில் சூரன். ஆனால் சொந்தக் கதை ஒன்றையும் சொல்ல மாட்டான். நெல்லிக்குப்பத்துக்காரன் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

திரையில் அந்த ஆபீசருக்குப் பெயர்கூட இல்லை. வெறும் ஊழியர் எண்தான். தாஜ் பீவியே அந்த எண்ணுக்கு ஒரு தொந்தியும் வழுக்கையும் வைத்து, மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். ஆர்டர் கொடுத்த மேனேஜர் தங்கமான மனுஷர். சாமி வரம் கொடுத்தும் இந்தப் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிறானே!

ஐந்து மணி அடித்ததும் லியோ பையைத் தூக்கினான்.

"எங்க கெளம்பிட்ட?"

"வூட்டுக்குங்க அக்கா. அவங்க ஷிப்டும் முடிஞ்சிருக்கும். இனிமே நாளைக்குத்தான்."

"என் லாரி நடுரோட்ல நிக்குது, உனக்கு வூடு கேக்குதா?"

"லேட்டாப் போனா வூட்ல ரகளை ஆயிடுங்க அக்கா. ஏற்கெனவே நெலமை சரியில்ல."

சொல்லிவிட்டு அவள் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் பைக்கைக் கிளப்பிவிட்டான். தாஜ் பீவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆர்டர் ஒரு வழியாக முடியட்டும், முதல் வேலையாக இவனை அனுப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அப்போது லாரி டிரைவர் வேணு போனில் கூப்பிட்டான்.

"அக்கா, கேட்ல டீ வாங்கிக் குடுத்து விசாரிச்சேன். அந்த ஆபீசருக்கு வூடு பிளாக் பதினேழுல. குவார்ட்டர்ஸ் நம்பரும் வாங்கிட்டேன், எழுதிக்கிங்க."

"நீதான்டா மனுஷன்! உனக்கு இருக்கற புத்தியில கால்வாசி இந்த லியோவுக்கு இருந்தா நான் ஏன் இப்பிடிக் கெடந்து அல்லாடறேன்?"

கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசித் தீராததை மனுஷரும் மனுஷரும் பேசித் தீர்த்துவிடலாம். அந்த நம்பிக்கையில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு டவுன்ஷிப்புக்குள் நுழைந்தாள். எல்லாக் குவார்ட்டர்ஸும் ஒரே அச்சு. இரண்டு தெரு தப்பிப் போய்த் திரும்பி வந்தாள். வழியெல்லாம் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பட்டறை ஆட்களின் பிள்ளைகளைச் சொல்லலாம், வாங்கின கடனைச் சொல்லலாம், தேவைப்பட்டால் அழவும் செய்யலாம். மானம் பார்க்கிற நேரமா இது?

வீட்டைக் கண்டுபிடித்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்தது லியோ. லுங்கியும் கையில் பாதி உரித்த வெங்காயமுமாக நின்றவன், அவளைக் கண்டு திடுக்கிட்டு, பிறகு ஒரேயடியாக அலுத்துப்போய்ச் சொன்னான்:

"உள்ள வாங்க அக்கா. 'புருஷன் வேலை செய்யற பட்டறைன்னு ஒனக்கு மட்டும் முன்னாடி செஞ்சு குடுத்தா ஊரு என்னா பேசும்?'னு நேத்துலேருந்து அவ எங்கிட்ட பேச்சை நிறுத்திட்டா. நீங்களாவது கேட்டுப் பாருங்க, நான் காபி போடறேன்."