வாங்க, ராணியைக் காட்டுறேன்!

ஒரு வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துபோன மீன்தொட்டி ஒன்று கிடந்ததாம். அதன் பக்கத்தில் ஒருநாள் புதுசாகத் தேனீப்பெட்டி வந்து உட்கார்ந்தது. எறும்பு ஏறக்கூடாதென்று பெட்டியின் நாலு காலுக்கும் அடியில் கிண்ணம் வைத்து, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார் வீட்டுக்காரர்.

"எவ்வளவு பாசம் பார்த்தீங்களா அக்கா!" என்றது ராணித் தேனீ.

"எனக்கும் வாரா வாரம் தண்ணி மாத்தினவர்தான் தாயி," என்றது தொட்டி.

"உங்களுக்கு வயித்தெரிச்சல்."

அதற்கப்புறம் விருந்தாளி வந்தபோதெல்லாம் மூடி திறந்தது. "வாங்க, ராணியைக் காட்டுறேன்!" என்று தேனடையை வெளியே எடுத்து, வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டினார். அடைக்குள் இருந்த புழுக்குஞ்சுகள் வாடிச் செத்தன. செத்ததை இழுத்து வெளியே போடுவதே தேனீக்களுக்கு வேலையாகிப் போயிற்று. மூடியைத் திறக்க மறக்காத மனுஷர் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். காய்ந்த கிண்ணத்தைத் தாண்டி எறும்பு சாரை சாரையாக ஏறியது.

"நாங்க கிளம்புறோம் அக்கா," என்றது ராணி.

"மிச்சமிருக்கிற புள்ளைங்க?"

"அதுங்களுக்கு இன்னும் றெக்கை முளைக்கலையே," என்றது ராணி. பிறகு கூட்டத்தோடு பறந்துவிட்டது.

சாயங்காலம் இன்னொரு விருந்தாளியோடு வந்து மூடியைத் திறந்தார் வீட்டுக்காரர். உள்ளே எறும்புதான் மொய்த்துக்கொண்டிருந்தது.

"சீனித்தண்ணி ஊத்தி வளர்த்தேன் சார்," என்றார். "நன்றி கெட்டதுங்க. அந்த மீனுங்களும் இப்படித்தான் பண்ணுச்சுங்க."