போகிற இடத்தில் கிடைக்கும்

"தண்ணி இல்லாம கிளம்பவே முடியாதுடா. எல்லாத்தையும் இங்கேருந்தே தூக்கிண்டு போனா கனம். போற இடத்துல கிடைக்குமான்னு முதல்ல விசாரி!"

டாக்குரியாவில் அந்த வாடகை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மஹாதேவன் காதில் இது விழுந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தவன் கோபு. அவருடைய ஒரே பெண் ஹம்சினிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம்.

மோதிரத்துக்கு விரல் அளவு வாங்க வந்தவர், அதை மறந்தே போனார். குடிகாரன் கையிலா பெண்ணைப் பிடித்துக் கொடுப்பது? நேராக உள்ளே போய்க் கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, உனக்குத் தண்ணிப் பழக்கம் உண்டா?"

கோபு போனை வைத்தான். அவரைப் பார்த்தான், மேஜையைப் பார்த்தான். அப்புறம் சிரித்தான்.

"ஐயோ மாமா, அது என் ரிசர்ச்! ராக்கெட்டுக்கு வேண்டிய எரிபொருளை எல்லாம் பூமியிலேர்ந்தே சுமந்துண்டு போனா கட்டுப்படியாகாது. நமக்குப் பக்கமா வந்து போற விண்கற்கள் சிலதுல ஜலம் இருக்கு. அந்த ஜலத்தைப் பிரிச்சா ஹைட்ரஜன், ஆக்ஸிஜன். வழியிலேயே ரொப்பிண்டு மேலே போயிண்டே இருக்கலாம்."

"கல்லுலேர்ந்து எப்படிப்பா எடுப்பே?"

"சுட வச்சா ஜலம் ஆவியா வரும் மாமா."

மேஜை மேல் தலையணை கனத்துக்கு ஆராய்ச்சிக் கட்டுரை இருந்தது, ஜாதவ்பூர் யூனிவர்சிட்டி முத்திரையுடன். மஹாதேவன் முப்பது வருஷ பாங்க் ஆபீசர். முத்திரை இருந்தால் நம்பிவிடுவார்.

"வேர்த்துக் கொட்டறதே மாமா, குடிக்க ஜலம் கொண்டு வரட்டுமா?"

மஹாதேவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்பேர்ப்பட்ட பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விரல் அளவை வாங்கிக்கொண்டு, வழியில் ஒரு பெட்டி சந்தேஷ் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு, சால்ட் லேக் பஸ் ஏறினார்.

வீட்டில் மனைவி ராஜம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் கேட்டது முதல் கடைசி வரை ஒரு வார்த்தை விடாமல், கோபு மாதிரியே கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தார்.

"என்னமா விளக்கினான் தெரியுமா! நம்ம ஹம்சினி குடுத்து வச்சவடீ."

ராஜம் கத்தரிக்காயைக் கீழே வைத்தாள்.

"அது சரின்னா, உங்ககிட்ட வாய்க்கு வாய் ஜலம்னவன், போன்ல மட்டும் ஏன் தண்ணின்னான்?"